இரண்டு மலை, நடுவில் சூரியன்

(தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான கலைப் பயிலரங்கின் தொடக்கத்தில் ஆற்றிய உரை)



நாளைக் காலை உங்கள் வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளையிடம் வெள்ளைத் தாளைக் கொடுத்து, "உனக்குப் பிடிச்ச படம் ஒண்ணு வரை" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். முக்கோணமாக இரண்டு மலை. நடுவில் பாதிச் சூரியன், அதைச் சுற்றிக் கதிர்கள். மலையடியிலிருந்து வளைந்து வரும் ஆறு. இந்தக் கரையில் குடிசை, அந்தக் கரையில் தென்னை. வானத்தில் நாம் நோட்டில் போடும் டிக் மாதிரி நான்கைந்து பறவைகள்.

திருவாரூர்ப் பக்கம் மலையே கிடையாது. நாகப்பட்டினத்தில் சூரியன் கடலிலிருந்து கிளம்புகிறது. சென்னையில் அடுக்கு மாடியில் பிறந்து வளர்ந்த பிள்ளை குடிசைக்குள் காலெடுத்து வைத்திருக்காது. ஆனாலும் மூன்று பேரும் அதே மலை, அதே குடிசை, அதே ஆறுதான் வரைகிறார்கள். அக்காவைப் பார்த்துத் தம்பியும், முன் பெஞ்சைப் பார்த்துப் பின் பெஞ்சும் கற்றுக்கொண்ட படம் அது. எந்தப் பாடநூலும் கட்டாயமாக்காமல், எந்த ஆசிரியரும் சொல்லித் தராமல், தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது.

இதைக் கேலி செய்ய நான் இங்கே வரவில்லை. பார்த்து வரைவதைப் பெரிய குற்றமாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளைகள் பேசக் கற்பதே அடுத்தவரைப் பார்த்துத்தான். என் கவலை வேறு. ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போதும் அந்தப் பிள்ளையின் கையிருப்பு அந்த ஒரே படம்தான் என்றால், நடுவில் போன ஐந்து ஆண்டுகளில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?

பிள்ளைகளின் படத்தைப் பெரியவர்கள் உட்கார்ந்து கவனிக்கத் தொடங்கியதே வெகு சமீபத்தில்தான். 1882-83 குளிர்காலத்தில் இத்தாலியின் போலோஞா நகரில் கோராடோ ரிச்சி என்பவர் மழைக்காக ஒரு நடைமண்டபத்தில் ஒதுங்கினார். சுவரெல்லாம் கிறுக்கல். உயரத்தில் பெரிய பையன்கள் வரைந்தவை. கீழே, இடுப்பளவில், சின்னப் பிள்ளைகள் வரைந்தவை. மழை விடும்வரை பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கீழே இருந்தவைதான் பிடித்துப்போயின. 1887-இல் குழந்தைகளின் கலை பற்றி ஒரு சிறு நூலே எழுதிவிட்டார். அதே கிறுக்கலை நம் ஊரில் கரித்துண்டால் வரைந்தால் வெள்ளையடித்த சுவரைப் பாழாக்கினான் என்று முதுகில் இரண்டு விழும். அதுவும் நியாயம்தான், வெள்ளையடிக்கக் காசு யார் கொடுப்பது? ஆனால் அடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் படத்தைப் பாருங்கள் என்பது என் வேண்டுகோள்.

என்ன பார்க்க வேண்டும்? மூன்று, நான்கு வயதில் ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்திலிருந்தே இரண்டு காலை இறக்கிவிடுவார்கள். உடம்பு கிடையாது. உலகம் முழுவதும் பிள்ளைகள் இந்த ஆளைத்தான் முதலில் வரைகிறார்கள். ஒன்றாம் வகுப்புக்கு வரும்போது உடம்பு முளைத்திருக்கும். கொஞ்ச நாளில் தாளின் அடியில் ஒரு கோடு வரும். அதுதான் தரை, எல்லாரும் அதன் மேல் வரிசையாக நிற்பார்கள். மேலே நீலமாக ஒரு பட்டை, அது வானம். நடுவில் இருப்பது வெற்றிடம். "வானம் தரை வரைக்கும் இருக்கே, கண்ணு" என்று திருத்தப் பார்ப்போம். பிள்ளை நம்மைப் பரிதாபமாகப் பார்க்கும். வானம் மேலேதானே இருக்கிறது?

ஆட்டோ வரையச் சொன்னால் உள்ளே இருக்கும் எல்லாருடைய காலும் தெரியும். கோயில் வரைந்தால் சுவரைத் தாண்டி மூலவர் தெரிவார். குடத்துக்குள் தண்ணீர் எதுவரை இருக்கிறது என்பது வெளியிலிருந்தே தெரியும். மேசையின் நான்கு காலும் நான்கு பக்கம் விரிந்து கிடக்கும். லூக்கே என்ற பிரெஞ்சு அறிஞர் 1927-இல் எழுதிய நூலில் இதைத் தெளிவாகச் சொன்னார்: பிள்ளை தனக்குத் தெரிந்ததை வரைகிறது, கண்ணுக்குத் தெரிவதை அல்ல. மேசைக்கு நான்கு கால் உண்டு என்பது பிள்ளைக்குத் தெரியும். இரண்டு காலை மட்டும் வரைந்தால் அது பொய்.

ஒன்பது, பத்து வயதில் நிலைமை மாறுகிறது. இப்போது பிள்ளை தன் படத்தையும் உண்மைப் பொருளையும் ஒப்பிடத் தொடங்குகிறது. கை பெரிதாகிவிட்டது, மாடு நாய் மாதிரி இருக்கிறது, பக்கத்துப் பையன் சிரிக்கிறான். "மிஸ், எனக்கு வரைய வராது" என்ற வாக்கியம் முதன்முதலாகக் காதில் விழுவது நான்காம், ஐந்தாம் வகுப்பில்தான். தாளின் அடியில் தரைக்கோடு வந்த காலம் முதல் 'எனக்கு வராது' வரையிலான முழு வரலாறும் உங்கள் ஐந்து வகுப்புகளுக்குள் முடிந்துவிடுகிறது. ஓவிய ஆசிரியர் வருவது அதற்குப் பிறகு.

நம் சட்டமே அப்படித்தான் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் கலைக்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் அது ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு. அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். தமிழ்நாட்டில் 2012-இல் நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்களும் அந்த மேல் வகுப்புகளுக்கு வந்தவர்களே. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். தமிழ், கணக்கு, சத்துணவுக் கணக்கு, புள்ளிவிவரம், எல்லாவற்றுக்கும் நடுவில் ஓவியமும் அவர்களே. ஆகவே, தனி ஓவிய ஆசிரியர் வந்து காப்பாற்றுவார் என்று காத்திருக்காமல், படமே வரையத் தெரியாத ஆசிரியர் என்ன செய்யலாம் என்பதைத்தான் நான் பேச வந்தேன். வரையத் தெரியாமல் இருப்பது சில சமயம் நல்லதுகூட. தெரிந்தவர்கள் பிள்ளையின் கையிலிருந்து பென்சிலை வாங்கித் திருத்திக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அது பிள்ளையின் படம் இல்லை.

இப்போது பள்ளிகளில் நடக்கும் 'ப்ராஜெக்ட்' விஷயத்துக்கு வருகிறேன். காகிதத் தட்டில் மயில் செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். டீச்சர் முதல் நாள் இரவே தோகை, கழுத்து, கொண்டை எல்லாவற்றையும் கத்தரித்து எடுத்து வருகிறார். கண்ணை எங்கே ஒட்டுவது என்பதற்குக்கூடப் பென்சிலில் புள்ளி வைத்திருக்கிறார். முப்பது பிள்ளைகளும் ஒட்டுகிறார்கள். மாலையில் சுவரில் முப்பது மயில், ஒரே திசையில் பார்த்தபடி. பெற்றோர் வந்து படம் எடுத்துப் போகிறார்கள். சில பள்ளிகளில் இன்னும் ஒரு படி மேலே போய், வேலையை வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிடுகிறார்கள். இரவு பத்து மணிக்கு அம்மா தெர்மோகோல் வெட்டுகிறார், அப்பா திறந்திருக்கும் ஸ்டேஷனரிக் கடையைத் தேடி வண்டியில் அலைகிறார், பிள்ளை தூங்கிவிடுகிறது. மறுநாள் மதிப்பெண் பிள்ளைக்கு.

ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்: இதில் பிள்ளை தானாக எடுக்க வேண்டிய முடிவுகள் எத்தனை? அந்த மயிலில் ஒன்றும் இல்லை. அதனால் அது கெட்ட வேலை என்று சொல்லமாட்டேன். கத்தரிக்கோல் பிடிக்க, பசை தடவ, ஓலை முடையக் கற்பதற்கு ஒரே மாதிரி செய்துதான் ஆக வேண்டும். கைத்தொழிலுக்கு அதன் ஒழுங்கு உண்டு. 1937-இல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது நூற்பைத்தான் நடுவில் வைத்தார். நூல் சீராக வரவேண்டும், ஆளுக்கு ஒரு விதமாக அல்ல. ஆனால் வார்தாவுக்குப் பக்கத்தில் காந்தியின் சேவாகிராமில் 1940-களில் கலை ஆசிரியராக வந்த தேவி பிரசாத், சாந்திநிகேதனில் ஓவியர் நந்தலால் போஸின் காலத்தில் பயின்றவர், பிள்ளைகளுக்குத் தாளும் வண்ணமும் கொடுத்துத் தனியாக வரையவும் விட்டார். கல்விக்கு அடிப்படையே கலைதான் என்று பின்னாளில் ஒரு நூலும் எழுதினார். கைத்தொழிலும் வேண்டும், கலையும் வேண்டும். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதன் பெயரை எழுதிவைக்காதீர்கள், அவ்வளவுதான்.

சரி, முடிவைப் பிள்ளையிடம் விட்டுவிட்டால் மறுபடி இரண்டு மலைதானே வரும் என்று கேட்பீர்கள். வரும். 'உனக்குப் பிடித்ததை வரை' என்ற சொல்லுக்குச் சரியான பதில் அந்த மலைதான். நாம் கேட்ட கேள்வியில்தான் ஒன்றும் இல்லை.

விக்டர் லோவன்ஃபெல்ட் என்று ஒருவர். வியன்னாவில் பார்வையற்ற பிள்ளைகளோடு வேலை செய்தவர். 1938-இல் நாஜிகள் வந்ததும் தப்பி, பிறகு அமெரிக்காவில் பேராசிரியர் ஆனார். 1947-இல் அவர் எழுதிய நூலை அந்த நாட்டில் ஆசிரியப் பயிற்சி பெற்ற ஒரு தலைமுறையே படித்தது. பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பட்டியலிட்டவர் என்றுதான் அவரைச் சொல்வார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது வேறு: பிள்ளையிடம் எதைக் கேட்பது என்று அவர் யோசித்த விதம். 'மரம் வரை' என்று கேட்காதே, 'நீ மரத்திலிருந்து பழம் பறிக்கிறாய்' என்று சொல். அதற்கு முன் பேசு. பழம் எட்டியதா? எந்தக் கையால் பறித்தாய்? காலை எங்கே ஊன்றினாய்?

நம் ஊரில் இதைக் கொய்யாமரத்தை வைத்துக் கேட்டுப் பாருங்கள். முதலில் எல்லாரையும் எழுந்து நின்று எட்டிப் பறிக்கச் சொல்லுங்கள். குதிகால் தூக்கும், விலாப் பக்கம் இழுக்கும், வாய் தானாகத் திறக்கும். உட்கார வைத்து உடனே தாளைக் கொடுங்கள். பறிக்கும் கை ஆளைவிட நீளமாக வரும். அதைத் திருத்த வேண்டாம். எட்டாத கொய்யாவுக்கு அந்த நீளம் தேவைதான். மரத்தில் ஏறிப் பழகியவன் படத்தில் ஆள் கிளைக்குள் இருப்பான். துரட்டிக்கோல் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை கோலை மட்டும் அழகாக வரையும். கீழே பை பிடித்துக்கொண்டு தங்கச்சி நிற்பாள். அங்கே மலைக்கு வேலையில்லை. யாரும் தடுக்கவில்லை, கேள்விக்கு அது பதில் இல்லை என்று பிள்ளைக்கே தெரிகிறது.

இப்படிக் கேள்விகளைச் சேர்த்து வையுங்கள். குடைக்குள் இரண்டு பேர் போனால் யார் நனைவது? ரேஷன் கடை வரிசையில் உனக்கு முன்னால் யார் நின்றார்கள்? தலையில் எண்ணெய் வைக்கும்போது பாட்டி எங்கே உட்காருவார், நீ எங்கே? கரண்ட் போன ராத்திரி வீட்டில் யார் யார் எங்கே இருந்தீர்கள்? வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரும் வழியில் நீ பயப்படும் இடம் எது? இந்தக் கடைசிக் கேள்விக்கு வந்த படங்களில் நாய்கள் வீடுகளைவிடப் பெரிதாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

லோவன்ஃபெல்ட் வண்ணம் தீட்டும் புத்தகங்களை அடியோடு வெறுத்தார். அதில் மட்டும் நான் அவரைவிட இளகியவன். களைத்துப்போன பிள்ளை அச்சடித்த யானைக்குள் கிரேயான் தேய்த்துக்கொண்டிருப்பதில் எந்தப் பாவமும் இல்லை. ஓவிய வகுப்பு முடிந்தது என்று பதிவேட்டில் எழுதாமல் இருந்தால் போதும்.

இன்னொரு பக்கம், ஒன்றுமே சொல்லிக்கொடுக்கக் கூடாது என்ற கட்சியும் உண்டு. வியன்னாவில் ஃபிரான்ஸ் சிஸெக் 1897-இல் பிள்ளைகளுக்கென்று ஒரு கலை வகுப்பைத் தொடங்கினார். பிள்ளைகளை அவர்கள் போக்கில் வளரவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. 1920-களில் அந்தப் படங்கள் இங்கிலாந்தில் கண்காட்சியாகப் போய்ப் பெரும் புகழ் பெற்றன. ஆனால் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: அந்தப் படங்களுக்கெல்லாம் ஒரே வீட்டுச் சாயல் இருந்தது. வாத்தியார் வாய் திறக்காவிட்டாலும், எதைப் பார்த்து முகம் மலர்கிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா? நாம் சொல்லாமல் சொல்லிக்கொடுப்பதைவிட வெளிப்படையாகவே ஒரு வரம்பு கட்டிவிடுவது நேர்மை. என் அனுபவத்தில் அந்த வரம்பைப் பொருளில் வைப்பது நல்லது. பொருள் குறைவாக இருக்கட்டும், முடிவுகள் நிறைய இருக்கட்டும்.

எடுத்துக்காட்டாக, வெண்டைக்காய் அச்சு. எல்லாருக்கும் தெரிந்ததுதான். குறுக்கே வெட்டினால் பெரும்பாலும் ஐந்து மூலை. முற்றின காயாக வாங்குங்கள், பிஞ்சு நசுங்கிவிடும். வெட்டி அரை மணி நேரம் செய்தித்தாளில் கவிழ்த்து வைத்தால் வழவழப்பு கொஞ்சம் இறங்கும். போஸ்டர் கலரில் தண்ணீரை அதிகம் ஊற்றாதீர்கள். தட்டில் பழைய பருத்தித் துணியை மடித்துப் போட்டு அதில் வண்ணத்தை ஊறவைத்துவிட்டால் ஸ்டாம்பு பேடு தயார். ஒரு வகுப்புக்கு ஒரே வண்ணம், ஒரே காய். பல வண்ணம் வைத்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் ஒன்றாகக் கலந்து சேற்று நிறமாகிவிடும். சாணித்தாளே போதும்.

நாம் வழக்கமாகச் செய்யும் தவறு, பூந்தொட்டியைப் பலகையில் வரைந்து, அதில் பூ இருக்கும் இடத்தில் வெண்டைக்காயை வைக்கச் சொல்வது. அங்கேயே முடிவெல்லாம் போய்விட்டது. தொட்டியை விடுங்கள். தாளை நான்காக மடித்துக் கொடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விதமாக அடிக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டத்தில் நெருக்கமாக, ஒன்றில் தள்ளித் தள்ளி. ஒன்றில் வண்ணம் தீரும்வரை அடித்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? மங்கிக்கொண்டே போகும், அதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு ஒரு குஷி. இரண்டு அச்சு ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால்? நட்சத்திரத்தின் மூலை அடுத்ததன் பள்ளத்தில் போய் உட்காருமா? இதற்குள் ஒரு பெண் பிள்ளை அதை வரிசையாக, புள்ளிக் கோலம் மாதிரி, ஊடுபுள்ளியாக அடிக்கத் தொடங்கியிருப்பாள். பாட்டியிடம் கற்றது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் இருந்தவர்களும் 1970-களில் கோலத்தை வைத்துக் கணிப்பொறி இலக்கணமே எழுதினார்கள் என்பதை அவளிடம் சொல்ல வேண்டியதில்லை; நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதத்துக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். கல்யாணப் பத்திரிகை இல்லாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. கெட்டி அட்டை, பொன்முலாம், வெல்வெட்டு, ஜன்னல் வெட்டு என்று கடையில் விலை கொடுத்தாலும் கிடைக்காத தாள்கள் பரணில் கிடக்கின்றன. சாமி படம் இருக்கும் பக்கத்தைக் கிழிக்கச் சொல்லாதீர்கள். வீட்டில் சண்டை வரும். மற்றதைக் கையால் கிழித்து ஒட்டட்டும், கத்தரிக்கோல் வேண்டாம். கிழிக்கும்போது தாள் தன் போக்கில் ஓரத்தில் வெள்ளையை விட்டுப் போகும். அதை வைத்து அலை செய்வதா, ஆட்டின் ரோமம் செய்வதா என்று பிள்ளை முடிவு செய்யும்.

மடிப்பதற்கும் அதே பத்திரிகைதான். கப்பல், கத்திக்கப்பல், ராக்கெட்டு எல்லாம் நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நீள்சதுரத் தாளை அளவுகோல் இல்லாமல் சதுரமாக்கு என்று மட்டும் கேளுங்கள்; மூலையைப் பிடித்து மடித்து யாராவது ஒருவன் கண்டுபிடிப்பான். 1893-இல் சென்னையில் சுந்தர ராவ் காகித மடிப்பிலேயே வடிவியல் பயிற்சிகளைத் தரும் ஒரு நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். யோசனை எங்கிருந்து வந்தது என்று அவரே முன்னுரையில் சொல்கிறார்: கிண்டர்கார்ட்டன் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வண்ணத்தாள் கட்டிலிருந்து. ஜெர்மனியின் பெரிய கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் அந்த நூலைக் குறிப்பிட்டு எழுதிய பிறகு அமெரிக்காவிலும் அச்சாயிற்று. மழலையர் விளையாட்டுத் தாளிலிருந்து ஒரு சென்னைக்காரர் அவ்வளவு தூரம் போனார்.

வண்ணம் வாங்கக் காசில்லை என்றால் மஞ்சள் இருக்கிறது. மஞ்சள் கரைசலைத் தாளில் பூசிக் காயவிட்டு, சுண்ணாம்புத் தண்ணீரில் குச்சியைத் தொட்டு வரையச் சொல்லுங்கள். கோடு சிவப்பாக எழும்பும். ஆரத்தித் தட்டில் பார்த்ததுதான், ஆனாலும் பிள்ளைகள் கத்துவார்கள். எலுமிச்சைச் சாறு தொட்டால் சிவப்பு மறுபடி மஞ்சளாகிவிடும், ஆகவே அழிப்பானும் இருக்கிறது. சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை விட்டால் நீலம் ஊதாவாகும். சுண்ணாம்பை மட்டும் நன்றாக நீர்த்து, தெளிந்த நீராக, நீங்களே கையில் வைத்துக்கொண்டு கொடுங்கள். கண்ணில் பட்டால் ஆபத்து. மஞ்சள் வெயிலில் வெளுத்துப்போகும் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் ஏமாற்றம்.

களிமண்ணைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஏரியில் கிடைத்தால் கொண்டு வாருங்கள், கல் பொறுக்குங்கள், ஒதுங்கி நில்லுங்கள்.

ஒரு சின்ன விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வேலையிலும் பிள்ளை தன் பெயரைத் தானே எழுத வேண்டும். ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர், ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் பயின்றவர், 1942 டிசம்பரில் யூதர் என்பதற்காக நாஜிகளின் தெரேஸின் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தார். தாள் கிடையாது, முன்பே பயன்படுத்திய அலுவலகத் தாள்களைக் கிழித்து ஒட்டவைத்தார், பின்பக்கத்தில் வரையவைத்தார். படத்தில் பெயர் எழுதச் சொன்னார். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸ் மரண முகாமுக்குக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. பிள்ளைகளிலும் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. இரண்டு பெட்டிகளில் மறைத்து வைத்திருந்த ஏறக்குறைய 4,500 படங்கள் மட்டும் மிஞ்சி, இன்று பிராகின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முகாமில் அந்தப் பிள்ளைகள் எண்களாக இருந்தார்கள். படத்தின் மூலையில் அவர்களுக்குப் பெயர் இருக்கிறது.

நம் பள்ளிகளில் அப்படி ஒரு கொடுமை இல்லை. ஆனாலும் சுவரில் தொங்கும் வேலைகளில் பெயரும் வகுப்பும் ஒரே கையெழுத்தில், டீச்சரின் அழகான ஸ்கெட்ச் பேனாவில் இருப்பதைப் பார்க்கிறேன். 'ர' தலைகீழாக இருந்தாலும் அவனே எழுதட்டும்.

போட்டிகளைப் பற்றிக் கேட்பீர்கள். கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949-இல் டெல்லியில் தொடங்கிய குழந்தைகள் ஓவியப் போட்டி, உலகம் முழுவதிலிருந்தும் படங்களைக் கொண்டுவந்து சேர்த்தது. அது பெரிய காரியம். இன்று மாவட்ட அளவில், மாநில அளவில் நடக்கிற விழாக்களால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மேடை கிடைத்திருக்கிறது. மகிழ்ச்சி. அனுப்புங்கள். வகுப்பறைக்குள் மட்டும் முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். முதல் வகுப்பிலேயே ஒருவனுக்கு 'ஆர்ட்டிஸ்ட்' பட்டம் கட்டினால் மீதி இருபத்தொன்பது பேரும் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள். நல்ல நான்கு படத்தைப் பொறுக்கி மாட்டாமல், இடம் போதாவிட்டால் வாரத்துக்குப் பத்தாக முறை வைத்து எல்லாருடையதையும் மாட்டுங்கள். துணி காயப்போடும் கயிறும் கிளிப்பும் போதும். பிள்ளையின் கண் மட்டத்தில் கட்டுங்கள். அதிகாரி பார்க்கும் உயரத்தில் அல்ல.

படத்தைக் கையில் வாங்கியதும் "இது என்ன?" என்று கேட்காதீர்கள். என்னவென்று தெரியவில்லை என்று நாமே சொல்வதாக ஆகிவிடும். "இதைப் பத்திச் சொல்லேன்" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். சில பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். பரவாயில்லை.

பேசியது போதும் என்று நினைக்கிறேன். பின்னால் இருக்கும் மேசையில் வெண்டைக்காய் வெட்டி வைத்திருக்கிறோம். வண்ணம் நீலம் ஒன்றுதான். சேலை, வேட்டி கட்டி வந்திருப்பவர்களுக்குப் பழைய சட்டை இருக்கிறது, மேலே போட்டுக்கொள்ளுங்கள். கை கழுவ வாளித் தண்ணீர் வராந்தாவில். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அடிக்கலாம், அதற்குத் தடையில்லை. பத்துப் பேர், பத்துப் பேராக வாருங்கள்.